மருதம்பட்டையும் மனித இருதயமும்

வன்னியில் என் தாயாரின் ஊர்க் குளக்கட்டில் ஒரு மருதமரம் நின்றது. சுண்ணாம்பு பூசிய கோயிற்றூணைப் போல வெளுத்த அதன் அடிமரத்தை மூவர் கைகோத்து நின்றாலும் வளைத்துப் பிடித்தல் இயலாது. பள்ளி விடுமுறைக் காலங்களில் அம்மரத்தின் வேரில் அமர்ந்து தண்ணீரிற் கால் நனைத்த நாட்கள் இன்றும் என் நினைவிற் பசுமையாய் உள்ளன. ஆனால் மரந்தான் இன்று இல்லை. அதனைப் புயல் வீழ்த்தவில்லை, கோடரியும் வெட்டவில்லை. மருந்துக்கெனப் பட்டையைச் சுற்றிவர உரித்தெடுத்தமையால் அது நின்ற நிலையிலேயே பட்டுப்போயிற்று. அவ்வாறு உரிப்பித்தவர் வேறு யாருமல்லர். என் சொந்த அம்மானே.

அம்மானுக்கு இருதய நோய். வைத்தியசாலையில் மூவகை மாத்திரைகள் கொடுத்து, ஒரு நாளேனும் தவறவிடலாகாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஊரில் ஒருவர், “மருதம்பட்டையில் இருதயத்தைப் புதுப்பிக்கும் சத்து இருப்பதாக விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள்; இந்த மாத்திரைகள் எதற்கு?” என்றார். அம்மான் மாத்திரைகளைப் பெட்டியுள் வைத்துப் பூட்டினார். காலையும் மாலையும் பட்டைக் கசாயம் அருந்தத் தொடங்கினார். முதல் மாதம் உற்சாகமாகவே இருந்தார். மூன்றாம் மாதம் கால்கள் வீங்கின. ஒரு நள்ளிரவு மூச்சுத் திணறி, உழவு இயந்திரப் பெட்டியிற் படுக்கவைத்து அவரைக் கொண்டோட வேண்டியதாயிற்று. தெய்வாதீனமாக அவர் பிழைத்தார். அடுத்த மாரிக்கு மரம் தளிர்க்கவில்லை.

இக்கதையை வகுப்பிற் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து, “அப்படியானால் மருதம்பட்டை மருந்தே அல்லவா, ஐயா? பரியாரியார்கள் சொல்வதெல்லாம் பொய்யா?” என்று வினாவினான். நல்ல வினா. “ஆம்” என்றோ “அன்று” என்றோ ஒரு சொல்லில் அதற்கு விடையிறுத்தல் தகாது. பட்டையில் இருப்பது யாது, அதனை எவ்வாறு வெளியே எடுக்கிறார்கள், எடுத்தது உடலில் யாது செய்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. அவனுக்குச் சொன்னதையே இங்கு வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மரமும் மரபும்

மருது நீரை விரும்பும் மரம். ஆற்றங்கரையிலும் குளக்கட்டிலும் வேரூன்றிக் கரையை இறுகப் பற்றி நிற்பது. சிங்கள மக்கள் இதனைக் கும்புக் என்பர். கிழக்கே குமணைப் பக்கத்திற் கடலோடு கலக்கும் கும்புக்கன் ஓயா இம்மரத்தின் பெயரைத் தாங்கியது. நம்மவர் ஊர்ப்பெயர்களிலும் மருதங்கேணி, மருதனார்மடம் என மருதின் பெயர் வழங்குகிறது. திருவிடைமருதூர்க் கோயிலின் தலவிருட்சமும் இதுவே. கிணற்றின் அடியில் மருதங்கட்டையை இட்டால் நீர் தெளிவாயிருக்கும் என்ற நம்பிக்கையும் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு.

வடமொழியில் இதற்கு அருச்சுனம் என்று பெயர். அச்சொல் வெண்மையைக் குறிப்பது. வெளிறிய பட்டையைக் கண்டே அப்பெயர் இட்டனர் போலும். இம்மரத்தின் வெளிப்பட்டை தகடு தகடாகத் தானே உதிரும். உட்பட்டையோ செந்நிறம் கலந்தது. வாயிலிட்டால் நாக்கைச் சுருக்கும் துவர்ப்புடையது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயுள்வேத ஆசிரியர் வாக்படர், இருதய நோய்க்கு இப்பட்டையை விதித்தவர்களுள் முற்பட்டவர். ஆகவே, இருதயத்துக்கும் மருதுக்கும் உள்ள தொடர்பு நேற்று விளம்பரக்காரர் உண்டாக்கியதன்று.

கறளும் கத்தரிக்காயும்

இக்காலத்தில் மருதம்பட்டையைப் பற்றிப் பேசுவோர் அதில் “ஒட்சியேற்ற எதிரிகள்” நிறைந்துள்ளன என்பர். இச்சொல்லின் பொருளை முதலில் அறிவோம்.

இரும்பு ஆணி மழையிற் கிடந்தாற் கறள் பிடிக்கிறது. வெட்டிய கத்தரிக்காய் சிறிது நேரத்திற் கறுக்கிறது. நாட்பட்ட எண்ணெய் கெட்ட வாடை வீசுகிறது. வெவ்வேறாய்த் தோன்றும் இம்மூன்றிலும் ஒரே வகை மாற்றம் நிகழ்கின்றது. ஒட்சிசன் பிற பொருள்களோடு சேர்ந்து அவற்றின் இலத்திரன்களைக் கவர்ந்துகொள்கிறது. இதுவே ஒட்சியேற்றம். வெட்டிய கத்தரிக்காயில் தேசிக்காய்ச் சாற்றைத் தடவிப் பாருங்கள், எளிதிற் கறுக்காது. சாற்றிலுள்ள புளிப்பு அம்மாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. அதிலுள்ள விற்றமின் சி தன் இலத்திரன்களைக் கொடுத்துக் காயைக் காக்கிறது. தன்னைக் கொடுத்துப் பிறிதைக் காக்கும் இத்தகைய பொருளே ஒட்சியேற்ற எதிரி.

நம் உடலுள்ளும் ஒட்சியேற்றம் இடையறாது நிகழ்கிறது. உணவை எரித்து வலுவைப் பெறும்போது, இணையில்லாத இலத்திரனைக் கொண்ட சில துகள்கள் தோன்றுகின்றன. சுயாதீன மூலிகங்கள் என்பன இவையே. துணையிழந்த அவ்விலத்திரன் அயலிலுள்ள மூலக்கூற்றிலிருந்து இன்னொன்றைப் பறிக்கும். பறிகொடுத்தது வேறொன்றை நாடும். இவ்வாறு அழிவு சங்கிலிபோலத் தொடரும். முதுமைக்கே இதுதான் காரணமாகலாம் என 1956ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் ஒரு கொள்கையை வெளியிட்டார். அதன் பின்னரே மூலிகைகளுள் இவ்வெதிரிகளைத் தேடும் ஆர்வம் உலகெங்கும் பெருகியது.

எனினும் ஒன்றை மறவாதிருப்போம். மூலிகங்கள் முழுப் பகைவர் அல்ல. நம் குருதியின் வெண்கலங்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே படைக்கலமாகப் பயன்படுத்துகின்றன. ஆதலால் அவற்றை அடியோடு அழிப்பது நம் நோக்கமாகாது. அளவோடு வைப்பதே நோக்கமாகும்.

பட்டையுள் இருப்பவை

மரம் ஓடி ஒளிய முடியாதது. பூச்சியும் பூஞ்சணமும் வெயிலும் தாக்கும்போது நின்ற இடத்திலேயே தன்னைக் காத்தல் வேண்டும். அதற்காக அது தன் தோலாகிய பட்டையிற் பலவகைப் பொருள்களைச் சேமிக்கிறது. மருதம்பட்டையில் உள்ளவற்றை இரு கூட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது பல்பீனோல்கள், துவர்ப்பைத் தரும் தனின்களும், கலிக்கமிலம், எலாச்சிக்கமிலம் முதலியவையும், பிளவனொயிட்டுகளும் இதிலடங்கும். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் பெரிதும் இவற்றினுடையதே. இரண்டாவது அருச்சுனோலிக் அமிலம் முதலான திரிதேர்ப்பீன்கள். இவை நீரிற் கரையத் தயங்குபவை. இவையன்றிப் பட்டையைச் சுட்டால் எஞ்சும் சாம்பலிற் கல்சியம் மிகுதியாக உண்டு.

இப்பொருள்களைப் பட்டையின் நாரிலிருந்து விடுவித்தெடுப்பதே பிரித்தெடுத்தல். அடுக்களையில் தேநீர் வடிப்போர் அனைவரும் இக்கலையை அறிந்தவர்களே. தேயிலை, கொதிநீர், வடி என்ற மூன்றும் அங்கே உள்ளன. மருதம்பட்டைக்கும் அடிப்படை இதுவே, நுணுக்கமே வேறு.

எட்டொன்றாய்க் காய்ச்சுதல்

பரியாரியார் பட்டையை நிழலில் உலர்த்துவார். வெயிலில் உலர்த்தினாற் பணி விரைவில் முடியுமே என்று நாம் நினைக்கலாம். ஆனால் பல்பீனோல்கள் ஒளியாலும் வெப்பத்தாலும் காற்றாலும் கெடுபவை. பிறிதைக் காக்கும் பொருள் உலரும்போதே தன்னை இழந்துவிட்டால், கசாயத்துக்கு எஞ்சுவது குறைவு. ஈரத்தோடு வைத்தாலோ பூஞ்சணம் பிடிக்கும். எனவே காற்றோட்டமுள்ள நிழலே தகுந்த இடம்.

பின்னர் இடிப்பார். கட்டியாய்க் கிடக்கும் பட்டையினுள் நீர் புகுதல் அரிது. இடித்தால் நீர் படும் பரப்பு பலமடங்காகும். மாவாக அரைத்தலும் கூடாது. மா வடிதுணியை அடைத்துக் கசாயத்தைக் கலங்கற்படுத்தும். ஒன்றிரண்டாய் இடித்தல் என்று நம் முன்னோர் சொன்ன பதம் இதுவே.

அடுத்து, ஒரு பங்கு மருந்துக்குப் பல பங்கு நீர் வார்த்து, எட்டொன்றாகவோ நாலொன்றாகவோ வற்றக் காய்ச்சுவார். சிறு தீயில் நெடுநேரம் காய்ச்சும்போது நீர் நாரினுட் புகுந்து கரையக்கூடியவற்றைக் கரைத்துக்கொண்டு வெளிவருகிறது. இருதய நோய்க்கென ஆயுள்வேதம் கூறும் பாற்கசாயம் இன்னும் நுட்பமானது. ஒரு பங்கு பட்டைக்கு எட்டுப் பங்கு பாலும் முப்பத்திரண்டு பங்கு நீரும் சேர்த்து, நீர் முழுவதும் வற்றிப் பாலின் அளவு எஞ்சும்வரை காய்ச்சுதல் வேண்டும். பாலிலுள்ள புரதம் தனினோடு பிணைந்து துவர்ப்பைத் தணிக்கிறது. நீரை விரும்பாத திரிதேர்ப்பீன்களுக்குப் பாலின் கொழுப்பு இடங்கொடுக்கக்கூடும். மூலக்கூறு என்ற சொல்லை அறியாத காலத்தில், நாவாலும் நீண்ட அனுபவத்தாலும் இம்முறையை வகுத்தவர்களின் கூர்மை வியப்புக்குரியது.

ஆய்கூடத்தில்

இன்றைய ஆய்கூடமும் இவ்வழியே செல்கிறது. ஒவ்வொரு படியிலும் அளவு என்பது புகுகின்றது. உலர்ந்த பட்டையின் நிறை, துகளின் பருமன், கரைப்பானின் அளவு, வெப்பநிலை, நேரம் ஆகிய யாவும் குறிக்கப்படுகின்றன.

கரைப்பானைத் தெரிதலே இங்கு தலையாய வினா. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது இரசாயனத்தின் பழமொழி. தனி நீர் வெல்லங்களையும் பசைகளையும் சேர்த்து இழுத்துவரும். தனி எதனோல் சில பல்பீனோல்களை விட்டுவிடும். இரண்டையும் கலந்து, நூற்றுக்கு 50 முதல் 70 பங்கு எதனோலாக வைத்தாற் பல்பீனோல்கள் பெரும்பாலும் நன்றாக வெளிவருகின்றன. நீர் நாரை ஊதச் செய்து கதவைத் திறக்கிறது; எதனோல் உள்ளே இருப்பதைக் கரைத்து அழைத்துவருகிறது.

வடித்த சாரத்திலிருந்து கரைப்பானை நீக்க வேண்டும். அடுப்பில் வைத்து வற்றச் செய்தால் மிகு வெப்பத்தாற் சத்து கெடும். இதற்கு விஞ்ஞானிகள் கையாளும் உபாயத்தை நம் மலைநாட்டவர் எளிதில் உணர்வர். கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே காற்றின் அமுக்கம் குறைவு. ஆய்கூடத்திற் சுழலும் குடுவையொன்றினுள் அமுக்கத்தை இன்னும் வெகுவாகக் குறைத்து, 40, 50 பாகை இளஞ்சூட்டிலேயே கரைப்பானை ஆவியாக்கிவிடுகிறார்கள். எஞ்சும் செம்பழுப்புக் கூழை உலர்த்திப் பொடியாக்கினால் அதுவே சாரம்.

அச்சாரத்தின் ஆற்றலை அறிவதற்கு அழகியதொரு சோதனை உண்டு. டி.பி.பி.எச். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு மூலிகம், ஏனையவற்றைப்போல் நொடியில் மறையாது, கரைசலிற் கரு ஊதா நிறத்தோடு நிலைத்து நிற்கும். 1958இல் புளொயிஸ் என்பவர் இதனை இச்சோதனைக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். பட்டைச் சாரத்திற் சிறிது சேர்த்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு சிறிய அளவு சாரம் நிறத்தைப் பாதியாகக் குறைக்கிறதோ அவ்வளவுக்கு அதன் ஆற்றல் பெரிது. மருதம்பட்டைச் சாரம் இச்சோதனையிற் சிறப்பாகவே தேறுகிறது.

நிறம் மாறினால் நோய் மாறுமா?

நான் எங்கள் கல்லூரி ஆய்கூடத்தில் மாணவரைக்கொண்டு இதனினும் எளிய சோதனையொன்றைச் செய்வித்தேன். பட்டைக் கசாயத்தை நீர் விட்டுப் பெரிதும் ஐதாக்கி, பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலில் சில துளிகள் விட்டோம். ஊதா மறைந்து பழுப்பாயிற்று. வேறொரு சோதனைக் குழாயிற் பெரிக்குக் குளோரைட்டைச் சேர்த்தோம். தனின் இருப்பதற்கு அடையாளமாக மை போலக் கறுத்தது. மாணவர் கைதட்டினர். அப்போது பனங்கட்டிக் கரைசலை எடுத்து முதற் சோதனையை மீண்டும் செய்யச் சொன்னேன். சிறிது தாமதித்தேனும் அங்கும் ஊதா மறைந்தது. “பனங்கட்டியும் இருதய நோய்க்கு மருந்தோ?” என்று கேட்டேன். வகுப்பு மௌனமாயிற்று.

சோதனைக் குழாய் வேறு, மனித உடல் வேறு. நாம் விழுங்கும் தனின்களிற் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்டவற்றையும் ஈரல் உருமாற்றிவிடுகிறது. குருதியை எட்டும் அளவு மிகச் சிறிது. குழாயில் நிறத்தை மாற்றியதெல்லாம் உடலில் நோயை மாற்றும் என்று கொண்டால் பெரும் பிழை நேரும்.

இப்பிழை உயிரோடு விளையாடும் பிழையும் ஆகலாம். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடையே ஒரு பேராய்வு நடைபெற்றது. கரட்டுக் கிழங்குக்கு நிறம் தரும் பீற்றா கரோட்டீன் என்னும் ஒட்சியேற்ற எதிரியை மாத்திரையாக ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தனர். 1994இல் முடிவு வெளிவந்தபோது, மாத்திரை உண்டவரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் நூற்றுக்கு 18 வீதம் மிகுந்திருக்கக் கண்டு உலகமே திகைத்தது. உணவாக உண்ணும்போது நன்மை தருவது, பிரித்தெடுத்து மிகுதியாக உட்கொள்ளும்போதும் நன்மையே தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நோயாளரிடத்துக் கண்டவை

மருதம்பட்டைச் சாரத்தையும் நோயாளரிடத்திற் சோதித்துள்ளார்கள். 1995இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், இருதயம் மிகவும் தளர்ந்த 12 நோயாளருக்கு, அவர்கள் முன்பே உண்டுவந்த மருந்துகளோடு சேர்த்து, எட்டு மணிக்கொருமுறை 500 மில்லிகிராம் சாரம் கொடுக்கப்பட்டது. நிலைமை சீரடைந்ததாக முடிவு வந்தது, பலரும் மகிழ்ந்தனர். ஆனால் பன்னிருவர் என்பது சிறு தொகை. 2016இல் டில்லியிலிருந்து வெளியான ஆய்வில் 100 நோயாளர் பங்குபற்றினர். நீரிற் பிரித்த சாரத்தில் 750 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இருதயம் குருதியை உந்தித் தள்ளும் வலிமை அதனாற் கூடவில்லை. குருதியின் ஒட்சியேற்ற எதிர்ப்பு நிலையிலும், நோயாளரின் அன்றாட நலத்தைக் குறிக்கும் சில அளவைகளிலும் மட்டும் ஓரளவு நன்மை தென்பட்டது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இவ்விரு ஆய்வுகளிலும் நோயாளர் எவரும் தம் மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பட்டையை உண்ணவில்லை. மாத்திரைகளோடு கூடவே உண்டனர். என் அம்மானுக்கு ஆலோசனை கூறியவர் விட்டுவிட்ட செய்தி அதுவே.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: பரியாரியார் பொய் சொல்லவில்லை; பட்டையில் ஆராயத்தக்க பொருள் உண்டு. ஆனால் அது வைத்தியர் தந்த மருந்துக்கு மாற்றாகும் என்று எவரும் நிறுவவில்லை. கசாயம் அருந்த விரும்புவோர் அதனைத் தம் வைத்தியரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். இரு மருந்துகள் உடலிற் கூடும்போது ஒன்றன் வேகத்தை மற்றது கூட்டவோ குறைக்கவோ கூடும்.

மரத்தைக் கொல்லாத வழி

இனி மரத்தின் கதை. 1535ஆம் ஆண்டின் மாரிகாலத்தில், பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியேயின் கப்பல்கள் இன்றைய கனடாவின் செயின்ற் லோறன்ஸ் நதியிற் பனிக்கட்டியுள் அகப்பட்டன. ஏறத்தாழ 110 பேரில் 25 பேர் ஸ்கேவி நோயால் இறந்தனர். தொமகாயா என்னும் அந்நாட்டுக் குடிமகன் அனெத்தா என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தான். குடித்தவர் தேறினர். அவர்களைக் காத்தது பெரும்பாலும் இலையிலிருந்த விற்றமின் சி என்பது இன்றைய கருத்து. ஒரு பெருமரம் முழுவதும் எட்டு நாளுக்குள் தீர்ந்துபோயிற்று என்று கார்த்தியேயின் பயணக் குறிப்புக் கூறுகிறது.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் பிரான்சு நாட்டுப் பேராசிரியர் ஜாக் மஸ்கலியே, பைன் மரப்பட்டையிலிருந்து இத்தகைய பல்பீனோல்களைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1951இல் காப்புரிமை பெற்றார். அதற்கு உதவிய பட்டை, பலகைக்காக அறுத்த மரங்களின் கழிவு. பட்டைக்கென எந்த மரத்தையும் அழிக்கவேண்டியதில்லை.

நம் நாட்டுக் கறுவாத் தோட்டத்திலும் இவ்வறிவு உண்டு. கறுவாவைத் தடியாக வெட்டியே பட்டை உரிப்பர். அடிக்கட்டை மீண்டும் தளிர்த்துப் புதிய தடிகளைத் தரும். ஒரே செடி பல்லாண்டு பயன் கொடுக்கும்.

மருதுக்கு நாம் அந்நீதியைச் செய்வதில்லை. பட்டையின் உட்புறத்தில் உரியம் என்னும் இழையம் உள்ளது. இலையில் உண்டான உணவு அதன் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. சுற்றிவர ஒரு வளையம் உரித்தால், அவ்வழி அறுந்து வேர் பட்டினி கிடந்து மரம் மடியும். ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக ஒடுங்கிய கீலமாக, உள்ளே உள்ள மாறிழையத்தைக் காயப்படுத்தாமல் எடுத்தால் பட்டை மீண்டும் வளரும். அக்காயம் ஆறும்வரை வேறு பக்கத்தைத் தொடலாகாது. குளக்கட்டிலுள்ள மரத்திற் கைவைப்பதற்கு முன், விழுந்த மரமோ முறிந்த கிளையோ உண்டா என்று தேடுவது இன்னும் நன்று.

அம்மான் இன்று மாத்திரைகளை நாள் தவறாது உண்கிறார். கசாயத்தைப் பற்றி வைத்தியரிடம் தாமே கேட்டு, அவர் சொற்படி நிறுத்திக்கொண்டார். சென்ற மாரியில் நான் ஊருக்குப் போனபோது என்னைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றார். பட்டுப்போன அடிக்கட்டைக்கு அருகில் இரு மருதங்கன்றுகள் நின்றன. மாடு கடியாதபடி முள்வேலி இட்டிருந்தார். “இது பெரிதாவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், தம்பி, ஆனாலும் வைக்க வேண்டிய கடன் எனக்கு உண்டு” என்றார். வாளியை எடுத்துக் குளத்தில் நீர் மொண்டு கொடுத்தேன். அவர் கன்றுகளுக்கு ஊற்றினார்.